வீடு கட்டுகிறோம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு காரைக்குடிப் பொறியாளரின் பதில்கள்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். காரைக்குடி சங்கராபுரம் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட 5 சென்ட் மனையில் அம்மாவுக்காக வீடு கட்டப் போகிறோம். கீழே ஹால், இரண்டு படுக்கையறை, மேலே ஓர் அறை. "அப்ரூவல் இப்போ ஆன்லைன்ல உடனே வந்துரும்" என்கிறார் கட்டித் தருகிறவர். தரை, சுவர் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதல் பாதியை நம்பலாம். இரண்டாவது பாதியை நம்ப வேண்டாம்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைதளமோ அதற்கு மேல் ஒரு தளமோ உள்ள குடியிருப்பாக இருந்தால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். உங்கள் 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. உள்ளே வந்துவிடுகிறது.

ஆனால் சுயசான்று என்றால், "இதில் உள்ளதெல்லாம் உண்மை" என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பொருள். முன்பெல்லாம் அலுவலகத்தில் ஒருவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "இது இல்லையே, அது சரியில்லையே" என்று திருப்பி அனுப்புவார். அலைச்சல்தான், ஆனாலும் ஒரு தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும். இப்போது அந்தச் சல்லடை உங்கள் கையில். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் சிலவற்றை நீங்களே பார்த்துவிட வேண்டும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது? "அப்பா வாங்கிப் போட்ட" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா இப்போது இல்லை, உயிலும் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி மனை அம்மாவுக்கும், பிள்ளைகள் எல்லோருக்கும், அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகள் எல்லோரும் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம்) எழுதிக் கொடுத்து, பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றிய பிறகு வரைபடத்துக்குப் போங்கள். இதில்தான் மாதங்கள் ஓடும். நீங்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா? அங்கீகாரம் இல்லாத பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் உங்கள் மனைக்கு உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்று பத்திரக் கட்டில் தேடுங்கள். புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் ஊருணியும் கண்மாயும் அவற்றுக்குப் போகும் வரத்துக்காலும் இல்லாத ஊர் கிடையாது. தரையில் தூர்ந்துபோன வாய்க்கால் அந்தப் படத்தில் இருக்கும். அதன்மேல் சுவர் போனால் பிற்பாடு யாராலும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று, காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனபோது சங்கராபுரம், கோட்டையூர் போன்ற பக்கத்து ஊர்களும் சேர்ந்தன. பழைய ரசீதில் ஊராட்சி என்று இருந்தால் அதையே பார்த்து விண்ணப்பத்தை நிரப்பிவிடாமல், இன்றைய தேதிக்கு மனை எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தரைக்கு வருகிறேன். தரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற எவரிடமும் நான் சண்டை போடுவேன். வரைபடம் போடுகிற அன்றே எந்த அறைக்கு என்ன தரை என்று எழுதி வையுங்கள். காரணம் மாடிப்படியில் இருக்கிறது. 6 அங்குல உயரத்தில் படிகளைக் கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். பிறகு ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூ வேலைத் தரைக்கல்) என்று முடிவாகிறது. கல் முக்கால் அங்குலம், அடியில் கலவை ஒன்றே முக்கால் அங்குலம், ஆக இரண்டரை அங்குலம் தரை ஏறிவிட்டது. முதல் படி மூன்றரை அங்குலமாகக் குறுகிப்போகும். படிகளின் மேலே ஒட்டுகிற கிரானைட் இதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். வயதானவர்கள் தடுக்கி விழுவது இந்த மாதிரிப் படியில்தான். கால் ஒரே உயரத்தை எதிர்பார்த்துப் பழகியிருக்கிறது. அம்மாவுக்காகக் கட்டுகிற வீட்டில் இது நடக்கக் கூடாது.

நிலை வைப்பதும் அப்படித்தான். முடிந்த தரை மட்டம் தெரியாமல் நிலையை நிறுத்தினால், பின்னால் கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும், அல்லது குளியலறைத் தரை ஹாலை விட உயர்ந்து தண்ணீர் உள்ளே வரும். நிலை வைக்க நல்ல நாள் பார்க்கிறீர்கள் அல்லவா, அந்த நாளுக்கு முன்பே தரைக்கல்லின் மாதிரி ஒன்று மனையில் இருக்கட்டும். கொத்தனார் அதைக் கையில் வைத்து மட்டம் குறிக்கட்டும்.

கேள்வி: வீடு முழுக்க ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை. அடுப்படிக்கும் குளியலறைக்கும் ஆகாது என்கிறார்கள். வழவழப்பு வராமல் மங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா? – தேவகோட்டை வாசகி

பதில்: ஆத்தங்குடிக்கு ஒரு தடவை நேரில் போய், செய்வதைப் பாருங்கள். பார்த்துவிட்டால் இந்தக் கேள்விகளில் பாதிக்கு உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குகிறார்கள். நிறம் கலந்த சிமென்ட் கூழைச் சிறு கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஒரு கட்டம், மஞ்சள் ஒரு கட்டம். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. அதன் முதுகில் மணலும் சிமென்டும் உலர்வாகத் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு, மறுபடி உலர்த்துகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு கல்லில் இறங்கியிருக்கும். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. மேலே உள்ள நிறம் மெல்லிய ஒரு படலம்தான்.

ஆக, இது சுட்ட ஓடு கிடையாது, சிமென்ட். புளித்த எதுவும் சிமென்டை அரிக்கும். எலுமிச்சம்பழச் சாறு, புளிக்கரைசல், மோர் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். நாள் முழுக்கச் சமையல் நடக்கிற அடுப்படியில் அப்படித் துடைத்துக்கொண்டே இருக்க முடியாது. அங்கே கருங்கல் போடுங்கள். குளியலறையில் சோப்பும் கழுவுகிற ஆசிட்டும் புழங்கும், அங்கேயும் வேண்டாம். ஹால், பட்டாலை (உட்காரும் மேடைக் கூடம்), படுக்கையறை, பூஜையறை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம்.

மங்குவதைப் பற்றி: புதிதில் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். ஈரத்துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வாருங்கள். ஆள் நடக்க நடக்க மினுமினுப்பு ஏறும். பாலிஷ் மெஷினை மட்டும் கிட்டே கொண்டுவரக் கூடாது, நிறப் படலமே போய்விடும்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கோட்டையூர் பக்கம் ஒரு வீட்டில் அருமையான சிவப்பும் கருப்பும் கலந்த தரை போட்டு முடித்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், பெயின்ட் சொட்டுகளை எடுக்க வந்த ஆட்கள், மற்ற வீடுகளில் செய்கிற பழக்கத்தில், ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். ஹால் முழுக்க வெண்திட்டு. அதைச் சரிசெய்ய வழியே இல்லை, பெயர்த்துத்தான் போட வேண்டும். அதனால் மேல்தளப் பூச்சும் சுவர்ப் பெயின்டும் முடிந்த பிறகே தரைக்கு வாருங்கள். வீட்டுக்குள் ஆசிட் பாட்டில் வரக் கூடாது என்று மேஸ்திரியிடம் மட்டும் சொன்னால் போதாது, துப்புரவுக்கு வருகிறவர்களிடமும் நீங்களே சொல்லுங்கள்.

கல்லை ஒரே தடவையில், உடைசலுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். கையால் கலக்கிற நிறம் அடுத்த ஈட்டில் அதே மாதிரி வராது. மிச்சம் இருப்பதைப் பரணில் அடுக்கி வையுங்கள், என்றைக்காவது ஒரு கல் விரிசல் விட்டால் உதவும். பதிப்பவர் ஆத்தங்குடிக் கல் பதித்துப் பழகியவராக இருக்க வேண்டும். கூலி கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா (தாத்தா) வீட்டுச் சுவர் மாதிரி முட்டைப்பூச்சு பூச விரும்புகிறோம். வீட்டில் எல்லோரும் சைவம். முட்டை இல்லாமல் வருமா? – பள்ளத்தூர் வாசகர்

பதில்: வரும். அந்தச் சுவருக்கு உயிர் சுண்ணாம்புதான். நன்றாக நீற்றிப் பல வாரம் ஊறிய சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். அடி முதல் மேல் வரை போகப் போக நைசாக அரைத்த கலவையைப் பல பூச்சாகப் பூசி, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். முட்டை வெண்கரு அந்தக் கடைசிப் பூச்சின் மினுமினுப்புக்காக. அது இல்லாமலும் நல்ல கைகாரர் பூசித் தருவார். சிலர் வெள்ளை சிமென்ட் கலந்து சீக்கிரம் முடித்துத் தருகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுவது போல அது விடாது. என்ன கலக்கிறார்கள் என்று நின்று கேளுங்கள்.

ஏற்கனவே சிமென்ட் பூசி வழித்துவிட்ட சுவரில் இது பிடிக்காது. எந்தச் சுவருக்கு வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, அதைச் செங்கலோடு விட்டுவைக்கச் சொல்லுங்கள். மின்குழாய், சுவிட்ச் பெட்டி, ஏசி துளை எல்லாம் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். மெருகேற்றிய சுவரை வெட்டி ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டு ஆயுசுக்கும் தெரியும். காசு இறுக்கம் என்றால் முகப்புச் சுவருக்கும் ஹாலில் ஒரு சுவருக்கும் மட்டும் பூசுங்கள், அதுவே வீட்டுக்குப் போதிய அழகு.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் பழைய பர்மாத் தேக்கு நிலையும் தூண்களும் பார்த்தோம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், வரைபடம் போடுவதற்கு முன்னால் வாங்குங்கள். பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி தடிமன், நிலையும் அதற்கேற்ற அகலம். உங்கள் 9 அங்குலச் சுவரில் வைத்தால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ஒரு வாசல் சுவரையாவது தடிமனாகக் கட்ட வேண்டியிருக்கும். அளவு கையில் இருந்தால் பொறியாளர் அதைப் படத்திலேயே கொண்டுவந்துவிடுவார். தூணின் அடியையும் தலையையும் கோணூசியால் குத்திப் பாருங்கள், பொத்தென்று இறங்கினால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. தூணைக் கல் பாதத்தின் மேல் நிறுத்துங்கள். மேலே கான்கிரீட் தளத்தின் பாரத்தை அதன் தலையில் ஏற்ற வேண்டாம், ஓட்டுத் தாழ்வாரத்துக்கு வையுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. இரண்டாங்கட்டில் (இரண்டாவது முற்றப் பகுதியில்) எங்கள் பகுதியை மட்டும் இடித்துப் புது வீடு கட்ட அனுமதி கிடைக்குமா?

பதில்: பங்காளிகள் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, மனை உட்பிரிவாகி, உங்கள் பெயரில் தனிப் பட்டா வரும் வரை எந்த அனுமதியும் கேட்க வேண்டாம். அதன் பிறகும் இடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த வீடுகளில் சுவரும் உத்தரமும் கட்டுக்குக் கட்டு ஓடுகின்றன. உங்கள் பங்கைப் பெயர்த்தால் அண்ணன் பங்கின் கூரை இறங்கும். உங்கள் ஊர் உள்பட செட்டிநாட்டு ஊர்கள் சில 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதற்கு முக்கியக் காரணம் இந்த வீடுகள்தான். ஓடு மாற்றி, ஒரு குளியலறை சேர்த்து, மின்வயரைப் புதிதாக இழுத்தால் குடியிருக்கலாம். அதற்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் ஒரு கணக்குக் கேளுங்கள்.

கேள்வி: 4 சென்ட் மனைதான். நடுவில் முற்றம் வைக்க முடியுமா? கொசு, மழை, திருட்டுப் பயத்தில் மேலே கண்ணாடி போட்டு மூடச் சொல்கிறார்கள்.

பதில்: 8 அடிக்கு 8 அடி முற்றம் தாராளமாக வரும். தெருப்பக்கமும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடத்தை விதிப்படி விட்டுவிட்டு, மிச்சத்தில் முற்றத்தை முதலில் குறியுங்கள், அறைகள் அதைச் சுற்றி அமையட்டும். தெருவை ஒட்டித் திண்ணை மட்டும் அந்தக் காலம் மாதிரி இழுக்க முடியாது, அது மனைக்குள்ளேதான் வர வேண்டும்.

மேலே இரும்புக் கம்பி வலை, அதன் மேல் கொசுவலைச் சட்டம், கழற்றிக் கழுவுகிற மாதிரி. கொசுவுக்கும் திருட்டுக்கும் இது போதும், மழைக்கு வழி கீழே சொல்கிறேன். கண்ணாடி போட்டு முழுக்க மூடினால் சித்திரை வெயிலில் வீட்டின் சூடு மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். படத்தில் திறந்த முற்றம் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு தளம் போடுவதும் அனுமதிக்கு மாறான கட்டடம்தான்.

முற்றத்துத் தரையைச் சுற்றுத் தாழ்வாரத்தை விட 4 அங்குலம் தாழ்த்துங்கள். அங்கே ஆத்தங்குடிக் கல் வேண்டாம், பாசி பிடித்து வழுக்கும். கொத்திய கருங்கல் போடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள். முற்றத்துத் தண்ணீருக்கு இரண்டு வாய் வையுங்கள். முதல் மழையின் தூசித் தண்ணீர் ஒன்றின் வழியாக வெளியே போகட்டும். அப்புறம் அதை அடைத்து மற்றதைத் திறந்தால் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகும். குழாய் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஐப்பசி மழை ஒரு மணி நேரம் விடாமல் அடிக்கும்போது 2 அங்குலக் குழாய் தாங்காது, தண்ணீர் தாழ்வாரம் ஏறிவிடும்.