ஒன்னும் பண்ணாது சார்!

கேள்வி: எங்க தெருவுல ஒருத்தர் பெரிய நாய் வளர்க்கிறார். கயிறே இல்லாம வாக்கிங் கூட்டிட்டு வருவார், கேட்டா "ஒன்னும் பண்ணாது சார்"ம்பார். போன வாரம் அது எதிர் வீட்டு ஆறு வயசுப் பொண்ணைக் கன்னத்துலயே கடிச்சிடுச்சு. நாய் ஓனர், புள்ளையைத் தெருவுல விட்டது பெத்தவங்க தப்புங்கறார். பெத்தவங்க ஓனர் தப்புங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க? தர்மபுரி மாவட்டத்துல இதையெல்லாம் கேக்க ஆளே இல்லையா?
- பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், பாலக்கோடு

பதில்: முதல்ல அது தருமபுரி. 'ரு' போடணும். சர்க்கார் போர்டுல எல்லாம் 'ரு' இருக்கு, நம்ம ஆளுங்க கையில மட்டும் அது காணாம போயிடுது. இதை எழுதி எழுதி எனக்கு முடியே நரைச்சுப் போச்சு, விடுங்க.

'நாய் ஓனர்'ங்கிறதை மட்டும் திருத்தாம அப்படியே விட்டிருக்கேன், அதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஆபீஸ்ல ப்ரூஃப் பாக்கறவருக்குத் தமிழ்ப் பற்று கொஞ்சம் ஜாஸ்தி. ரெண்டு வருஷம் முன்னாடி இதே பக்கத்துல 'ஓனர்'ங்கிறதை அடிச்சிட்டு 'நாயின் சொந்தக்காரர்'னு போட்டுட்டார். புஸ்தகம் கடைக்கு வந்த அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு ஒருத்தர் போன் பண்ணி "எங்க வம்சத்தையே நாய்க்குச் சொந்தமாக்கிட்டீங்களே, கல்யாணத்துக்குப் பொண்ணு வச்சிருக்கேன், எவன் சம்பந்தம் பேச வருவான்"னு ஒரே சத்தம். அன்னியிலிருந்து இந்தப் பக்கத்துல ஓனர் ஓனர்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க கேள்வியில என்னைப் புடிச்சு நிறுத்துனது தப்பு யார் மேலங்கிறது இல்ல, அந்த "ஒன்னும் பண்ணாது சார்". இந்த ரெண்டு வார்த்தையை நம்ம ஊர்ல யார்தான் சொல்லல? தளி, ஜவளகிரி பக்கம் ராகிக் கொல்லையில யானை நிக்கும்போது செல்போனைத் தூக்கிட்டு கிட்டப் போறவன் "ஒன்னும் பண்ணாது மச்சி"ம்பான். ஒகேனக்கல்ல தண்ணி பொங்கி வர்றப்பவும் பரிசல்ல ஏறச் சொல்ற ஆள் "ஒன்னும் ஆகாது, ஏறுங்க"ம்பார். நாய் விஷயத்துல கவனிச்சுப் பாருங்க, ரெண்டும் வேற வேற. 'பண்ணாது'ங்கிறது கடிக்கிறதுக்கு முன்னாடி, நாய்க்காக சொல்றது. 'ஆகாது'ங்கிறது கடிச்சதுக்கு அப்புறம், உங்களுக்காக சொல்றது. "ஒன்னும் ஆகாது சார், ஊசி போட்ட நாய்"! எந்த ஊசி, எப்ப போட்டது, கார்டு எங்கன்னு கேட்டா "அது வூட்டுல எங்கியோ இருக்கு"ம்பார். கார்டு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, நாய்க்கு ஊசி போட்டாச்சுன்னு குழந்தைக்குப் போடாம விடற வேலை மட்டும் வேண்டாம்.

அவர் பொய் சொல்றார்னு நான் நினைக்கல. அந்த நாய் அவருக்கு நெஜமாவே ஒன்னும் பண்ணாது. சோறு போடறவர் அவரு, அவர் செருப்புச் சத்தம் அதுக்குத் தெரியும். எதிர் வீட்டுப் பொண்ணு அதுக்கு யாரு? திடீர்னு ஓடும், கீச்சுன்னு கத்தும், கையில பிஸ்கட் இருக்கும். பெரிய நாய் தலையைத் தூக்கினா ஆறு வயசுப் புள்ளையோட மூஞ்சி அதுக்கு நேரா இருக்கும். நம்மளக் கடிச்சா கெண்டைக்கால், குழந்தைன்னா கன்னம், கழுத்து. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியா மூளைக்கு ஏறுறது, காயம் தலைக்குக் கிட்ட இருந்தா அது போற தூரமும் கம்மி. இதெல்லாம் தெரியாம கயிறில்லாம கூட்டிட்டு வர்றவர் அந்தப் பெத்தவங்களைப் பாத்து புள்ளையை ஏன் தெருவுல விட்டீங்கன்னு கேக்கறார் பாருங்க, தெரு என்ன அவங்கப்பா பட்டாவா?

2024 மே மாசம் சென்னையில ஒரு மாநகராட்சிப் பூங்காவுல அஞ்சு வயசுக் குழந்தையை ரெண்டு ராட்வைலர் கடிச்சுக் குதறுச்சே, அந்தக் குழந்தை ஊர் சுத்தப் போகல. அவங்கப்பா அந்தப் பூங்காவுக்கே காவலாளி, குடும்பமே அங்கதான் குடியிருந்துச்சு. வாசல்ல விளையாடின புள்ளை. ஓனரைக் கைது பண்ணாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ராட்வைலர், பிட்புல்னு 23 வகை நாயை வளர்க்க விடாதீங்கன்னு மத்திய அரசு மாநிலங்களுக்கு லெட்டர் போட்டுச்சு, யாரையும் கலந்துக்காம போட்டீங்கன்னு கர்நாடக ஐகோர்ட் அடுத்த மாசமே அதை ரத்து பண்ணிடுச்சு. கேக்க ஆளே இல்லையான்னு கேட்டீங்களே, சட்டம் இருக்கு. பிராணியைக் கவனக்குறைவா விட்டு அடுத்தவங்களுக்கு ஆபத்து வர வச்சா பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புது தண்டனைச் சட்டத்துல 291-வது பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். பழைய ஐபிசியில அபராதம் ஆயிரம்தான் இருந்துச்சு. பெரிய நாய்க்கு ஒரு மாசத் தீனிக்கு ஆகற காசுகூட இல்ல இந்த அஞ்சாயிரம். இருந்தாலும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, எழுதிக் குடுத்தா அடுத்த நாள் கயிறு தானா வந்துரும்.

எனக்கு ஓசூர்ல ஒரு சிநேகிதன் இருக்கான், பேர் சொன்னா மூணாவது தடவையா சண்டை வரும். ஓசூரை லிட்டில் இங்கிலாந்துன்னு எப்பவோ எவனோ சொல்லி வச்சானாம், அதை நம்பி ஹஸ்கி வாங்கி வச்சிருக்கான். சைபீரியாவுல பனியில வண்டி இழுக்கிற சாதி அது. சரி, ஓசூராவது பரவால்லன்னு வையுங்க, போன மே மாசம் அதைக் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு கிருஷ்ணகிரி வந்துட்டான், மாங்கா வாங்க. மலை பூரா பாறை, பகல் ஒரு மணி, அந்த நாய் நாக்கைத் தொங்க விட்டுக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, எவனையாவது கடிச்சு ஜெயிலுக்காவது போயிடலாம்னு இருந்த மாதிரி இருந்துச்சு. "ஏண்டா, ராஜபாளையம் இருக்கு, சிப்பிப்பாறை இருக்கு, கோம்பை இருக்கு, நம்ம வெயில்ல பொறந்ததா ஒன்னு வளர்க்கக் கூடாதா"ன்னேன். "அதெல்லாம் கடிக்கும்டா"ன்னான். அன்னியிலிருந்து பேச்சு வார்த்தை இல்ல.

பெத்தவங்க பொறுப்புக்கு வரேன். புள்ளையைத் தெருவுல விட்டது தப்பே இல்ல, ஆனா அவங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கு, அது வூட்டுக்குள்ள இருக்கு. எனக்கு ஒம்பது வயசுல காவேரிப்பட்டினம் பக்கத்துல ஒரு மாந்தோப்புல செந்தூரா திருடப் போனப்ப காவல் நாய் கெண்டைக்கால்ல கவ்வுச்சு. நான் வூட்டுல மூச்சு விடல. கடிச்ச வலியைவிட எங்கப்பா பெல்ட் பெருசு. ரெண்டு நாள் காலை மடிச்சு மடிச்சு உக்காந்து சமாளிச்சேன். எங்கக்காதான் கண்டுபுடிச்சுப் போட்டுக் குடுத்தா. பக்கத்து வூட்டுப் பாட்டி அதுக்குள்ள மொளகாப் பொடியும் சுண்ணாம்பும் கொழைச்சு அப்பிட்டாங்க, அதுக்கு நாயே பரவால்ல. அப்புறம் தொப்புளைச் சுத்தி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது, இப்ப கிடையாது, 2004-லயே நம்ம நாட்டுல தயாரிக்கிறதை நிறுத்திட்டாங்க. ஊசி போடறவர் ஒவ்வொரு நாளும் வயித்துல புது எடம் தேடுவார், நான் கூரையில ஓடு எண்ணுவேன்.

டாக்டர் எங்கப்பாகிட்ட, கடிச்ச நாயைப் பத்து நாள் பாத்துக்கிட்டே இருங்க, செத்துச்சுன்னா உடனே வந்து சொல்லுங்கன்னுட்டார். என் உடம்பு எப்படி இருக்குன்னு ஆயுசுல கேக்காத மனுஷன், தெனம் விடியக்காலை சைக்கிள் மிதிச்சுத் தோப்புக்குப் போய் நாய் உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டு வருவார். நாலாம் நாள் அது சோறு திங்கலன்னு தோப்புக்காரர் சொல்ல, அப்பா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு, மத்தியானமே ரெண்டு பொறை வாங்கிட்டு திரும்பப் போனார். அது தின்னுச்சாம். எங்கம்மா கோயில்ல நாய் பேர்ல அர்ச்சனை பண்ணாதது ஒன்னுதான் குறை. அந்த நாய் அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்துச்சு, அப்பாவைப் பாத்தா வாலாட்டும், என்னைப் பாத்தா உறுமும்.

அந்த ரெண்டு நாள் இருக்கே, அதுதான் விஷயம். வெறிநோய் அறிகுறி வந்துட்டா அப்புறம் காப்பாத்த முடியாதுன்னே வச்சுக்கணும், வராம தடுக்கத்தான் ஊசி. நகம் கீறுச்சு, லேசாப் பல்லு பட்டுச்சுன்னு புள்ளை வந்து சொல்லணும்னா, சொன்னா அடி விழாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம்னா, டீக்கடையில டீ சொல்லி, குடிச்சு, மீதி சில்லறைக்கு நிக்கிற நேரம், அவ்வளவு நேரம். மொளகாப் பொடி, காபித்தூள், மஞ்சள்னு எதையும் அப்பாதீங்க. அப்புறம் நேரா சர்க்கார் ஆஸ்பத்திரி, காசு கிடையாது, இப்ப ஊசி தோள்ல, முதல் நாள், அதுலேர்ந்து 3, 7, 28 நாள் கழிச்சு. கன்னத்துல கடிச்சிருக்குன்னா காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து) போடணும், அந்தப் பொண்ணுக்குப் போட்டாங்களான்னு இன்னிக்கே விசாரிங்க. நியாயத்தை அப்புறம் பேசிக்கலாம்.

எனக்கு நாய்மேல கோவமெல்லாம் இல்ல. ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் போற பக்கம், எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. (நடுகல்னாலே இந்தாளு ஆரம்பிச்சுட்டான்யான்னு நீங்க முனகறது கேக்குது. தருமபுரி அகழ்வைப்பகத்துல அத்தனை நடுகல் இருக்கே, எத்தனை பேர் போய்ப் பாத்தீங்க?) மகேந்திரவர்ம பல்லவனோட 34-வது ஆட்சி வருஷத்துக் கல்லு, 1400 வருஷம் ஆச்சு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த ஒரு வீரன், கூடவே அவன் நாய். நாய் பேரே கல்லுல வெட்டியிருக்கு, கோவிவன். ரெண்டு திருடனைக் கடிச்சுக் காத்து நின்னுச்சாம். அந்த ஊர்ல அன்னிக்கு ராஜா பேர், வீரன் பேர், நாய் பேர், மூணும் ஒரே கல்லுல.

போன மாசம் எம் பேத்திகிட்ட அந்தக் கல்லோட போட்டோவைக் காட்டினேன். நாலு வயசு, எங்க அபார்ட்மென்ட்ல நாய்ங்களைப் பாத்துப் பயந்து கெடக்கிற புள்ளை. விரலை நீட்டி, தொடாம, "தாத்தா, இதக் கட்டிப் போடலையா?"ன்னு கேட்டா. ஒன்னும் பண்ணாதுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. "கல்லுலயே கட்டிப் போட்டிருக்காங்க கண்ணு"ன்னேன். அப்புறம்தான் தொட்டா.