வாசகர் கேள்வி பதில்: அப்புத்தளையும் அதச் சுத்தி இருக்கிற ஆக்களும்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு எழுதின பதில்ல மலையகத்தில பதுளைப் பக்கம் இருக்கிற அப்புத்தளை எண்ட ஊரின்ட பேரை ஒரு தரம் சொன்னதுதான், அதுக்குப் பிறகு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்திலயும் அந்த ஊர்க் கதைதான் கூட. அதால இந்த முறை பக்கம் முழுக்க அப்புத்தளைக்கே குடுத்தாச்சு.

கேள்வி: ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளோட அப்புத்தளை போக யோசிக்கிறம். இங்க திருகோணமலையில இருந்து எப்பிடிப் போறது சுகம்? லிப்டன் சீட் எண்ட மலைக் காட்சி முனையை விட பாக்க என்ன இருக்கு?
- நிலாவெளியில இருந்து ஒரு அப்பா

பதில்: ஐயா, கண்டிக்கு பஸ் எடுங்க, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை எண்டு போகும். கண்டியில ஒரு இரவு தங்கிட்டு காலமை பதுளை ரயில்ல ஏறினா பிள்ளைகளுக்குக் களைப்பு தெரியாது. மழைக்கு மண் சரிஞ்சு லைன் அடைபடுறது அந்தப் பக்கம் நடக்கிற விசயம், அதால வெளிக்கிட முன்னம் ரயில் ஓடுதா எண்டு ஸ்டேஷனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்க. பட்டிப்பொல ஸ்டேஷன்தான் இலங்கையிலயே ஆக உயரம், 1,891 மீட்டர், அதத் தாண்டி ஓஹிய, இதல்கஸ்ஹின்ன எண்டு இறங்கி வரேக்க பிள்ளைகளை ஃபோனை வச்சிட்டு வெளிய பாக்கச் சொல்லுங்க, இதல்கஸ்ஹின்னயில ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவில மலை முதுகு மேல ரயில் நிக்கும்.

நீங்க போற மாசமும் நல்ல மாசம். இங்க தென்மேற்கில இருந்து கச்சான் காத்து அடிச்சு கிணறெல்லாம் வத்துற அதே நாள்லதான் அப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கமும் காஞ்ச காத்து அடிக்கும், மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிட்டு வெறுங்காத்தா வாறது, அந்தக் காத்தில காயுற கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலையின்ட தனி வாசம் வரும், ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும்.

லிப்டன் சீட்டுக்கு விடியவே போங்க, பிந்தினா பனிமூட்டம் மூடிரும். கீழ தம்பேதன்னையில தேயிலை முதலாளி தோமஸ் லிப்டன் 1890 இல கட்டின ஃபெக்டரி இருக்கு, அங்க இருந்து மேல கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர், சின்னாக்கள் இருந்தா ஓட்டோ பிடிங்க. அடிசம் பங்களாவும் பாருங்க, 1931 இல தோமஸ் வில்லியர்ஸ் எண்ட வெள்ளைக்காரர் இங்கிலாந்து வீடு மாதிரியே கல்லால கட்டினது, இப்ப பெனடிக்ட் சபைத் துறவிகளின்ட மடம், அவங்க செய்யிற ஜாமும் வாங்கலாம். தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர், கொஸ்லந்தைப் பக்கம்.

ஒண்டு மட்டும் கட்டாயம் சொல்லணும். தோட்டத்துப் பாதையில நீங்க கடந்து போறது ஆக்களின்ட வீட்டு வாசல். கொழுந்து எடுக்கிற பொம்பிளையள கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க, அவங்க வேலையில நிக்கிறாங்க, அண்டைக்கு எத்தினை கிலோ எடுக்கிறாங்களோ அதில அண்டைய சம்பளம் இருக்கு.

கேள்வி: அப்புத்தளைக்குத் தனி நகரசபை இருக்கு எண்டு படிச்சன். இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் அது? தேயிலைத் தோட்டத்து ஆக்களும் அதுக்குள்ளயா வருவாங்க?
- உவர்மலையில இருந்து ஒரு ஏ.எல். மாணவன்

பதில்: தம்பி, நீங்க கேட்ட ரெண்டாவது கேள்வியிலதான் விசயமே இருக்கு, அதால கொஞ்சம் நீளமா எழுதுறன்.

நகரசபைகள் ஓடுறது 1939 ஆம் ஆண்டு 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில. அந்தக் காலத்தில ஊர் பெருசா சின்னதா எண்டதை விட, அங்க சந்தை, ஸ்டேஷன், தபால் கந்தோர், கடைத்தெரு இருக்கா எண்டதுதான் பெரிய கதை. நானுஓயா வரைக்கும் 1885 இல வந்த ரயில் 1894 இல பண்டாரவளைக்குப் போனது, இடையில அப்புத்தளை. தோட்டத்துத் தேயிலை இறங்கி வந்து ரயில் ஏறவும், தோட்டத்துக்கு அரிசியும் சாமானும் ஏறிப் போகவும் ஒரு டவுன் தேவைப்பட்டது, அப்பிடி வளர்ந்த ஊர் அது. தமிழ், சிங்களம், முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில கடை வச்சிருக்கிற கடைத்தெரு, நடுவில தண்டவாளம், ஆக்கள் அதில சாதாரணமா நடந்து போவாங்க.

குப்பை அள்ளுறது, தெரு லைட், வடிகான், சந்தை, நூலகம் எல்லாம் நகரசபை பாக்கும். ஆனா அந்த எல்லை டவுனோட முடிஞ்சிரும். ஒரு வளைவு திரும்பினா தேயிலை, அதுக்கு அங்கால அப்புத்தளை பிரதேச சபை, பேர் ஒண்டுதான், சபை வேற. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு இறங்கி வந்து மரக்கறி, கருவாடு, பிள்ளைக்கு சப்பாத்து எண்டு வாங்கி அந்தக் கடையளை வாழ வைக்கிற தோட்டத்துச் சனம் அந்த நகரசபைக்கு வோட்டுப் போடுறவங்க இல்ல. அப்புத்தளை சின்ன ஊர் எண்டு சொல்றதே அவங்களை எண்ணாம விட்டுத்தான்.

சரி, பிரதேச சபை அவங்களுக்குச் செய்யலாமே எண்டு கேப்பீங்க. 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தில 33 ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருந்தது, தோட்டத்துக்குள்ள சபையின்ட காசைச் செலவழிக்கிறதுக்கு அதுதான் குறுக்க நிண்டது. வோட்டுப் போட்டு மெம்பரை அனுப்பலாம், அந்த மெம்பர் தோட்டத்து ஆக்கள் இருக்கிற லயத்துக்குப் போற பாதையில ஒரு லோட் கல்லுப் போட ஏலாது. 2018 இலதான் அதைத் திருத்தினாங்க. முப்பது வருசம்! சட்டம் திருந்தினா அடுத்த நாளே பாதை வந்திராது, காணி இன்னும் தோட்டக் கம்பனி கையில, வீடு ஆக்களின்ட பேர்ல இல்ல, எதுக்கும் தோட்டக் கந்தோர்ல கேக்கணும்.

லயம் எண்டா 10 க்கு 12 அடியில ஒரு காம்பரா, வரிசையா, முதுகோட முதுகு ஒட்டினபடி. வீட்டு நம்பர் இல்ல, றோட்டுப் பேர் இல்ல, கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும், அங்க இருந்து ஆராவது கொண்டு வந்து குடுத்தாத்தான் உண்டு. இன்டர்வியூக் கடிதம் இன்டர்வியூ முடிஞ்ச பிறகு கைக்கு வந்த பிள்ளையள் மலையகத்தில எத்தினையோ பேர். உங்கட வயசுப் பிள்ளையள்தான் தம்பி, யோசிச்சுப் பாருங்க.

விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிச்சுக் குடுக்கிற இடத்துக்குப் போய், இடுப்பில படங்குத் துணி கட்டி, கூடையோட மலை ஏறினா, குறிச்ச கிலோ வந்தாத்தான் முழுப் பேர், வராட்டி அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். நிறுக்கேக்க தண்ணிக்கு, சாக்குக்கு எண்டு கிலோ வெட்டுறதும் உண்டு. நாளுக்கு 1000 ரூபா எண்டு கேட்டு வருசக்கணக்கா றோட்டில நிண்டாங்க, 2021 இலதான் அது வர்த்தமானியில வந்தது, அதுக்கிடையில அரிசி விலை எங்கயோ போயிட்டு. இதே அப்புத்தளைக்குக் கீழ, கொஸ்லந்தை மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29 காலமை மலை சரிஞ்சு லயங்களை மூடினது ஞாபகம் இருக்கும். அந்த இடம் ஆபத்து, ஆக்களை எழுப்புங்க எண்டு 2005 இலயும் 2011 இலயும் எச்சரிச்சிருந்தாங்க. எழும்பிப் போக அவங்களுக்குச் சொந்தமா ஒரு துண்டுக் காணி இருந்ததா? அதத்தான் நான் இண்டைக்கும் கேக்கிறன்.

பரீட்சைக்கு நகரசபை, பிரதேச சபை வித்தியாசம் எழுதேக்க இதையும் ஒரு பந்தியா எழுதுங்க.

கேள்வி: எங்கட அம்மா அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில பிறந்தவ. 1977 இல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துக்குப் பிறகு இங்க வந்து குடியேறினவங்க. இப்ப வயசு போயிட்டு, ஒருக்கா அந்த லயத்தைப் பாக்கணும் எண்டு நிக்கிறா. இதுக்கிடையில மகன்ட ஸ்கூல்ல 'நீங்க இந்தியாவில இருந்து வந்தாக்கள்தானே' எண்டு ஆரோ சொல்லிட்டாங்களாம், அவனுக்கு என்ன சொல்றது எண்டு தெரியேல்ல.
- தம்பலகாமத்தில இருந்து ஒரு அக்கா

பதில்: அக்கா, அம்மாவைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை போனா ஆக்கள் வீட்டில நிப்பாங்க. முதல் தோட்டத்துக் கோயிலடிக்குப் போய் இன்ன டிவிஷன், இன்ன கங்காணி வீட்டு ஆக்கள், இன்னாரின்ட மகள் எண்டு அம்மாவையே கதைக்க விடுங்க, பழசு தெரிஞ்ச ஒரு ஆள் எப்பிடியும் வந்து சேரும். ஃபெக்டரிக்கோ பங்களாப் பக்கமோ போறதெண்டா மட்டும் கந்தோர்ல கேட்டிட்டுப் போங்க. லயம் அப்பிடியே இருக்கலாம், இடிச்சு வேற வீடு கட்டியும் இருக்கலாம், அதை அம்மாவுக்கு முதலே சொல்லி வைங்க. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாட்டி போன கையோட அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில விசாரிச்சுப் பாருங்க.

மகனுக்கு இதைச் சொல்லுங்க. அவன்ட பூட்டன் ஆக்கள் இந்தியாவில இருந்து வந்து தலைமன்னாரில இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து போனவங்களா இருக்கலாம், அந்த வழியில காய்ச்சலிலயும் பேதியிலயும் செத்தவங்க கணக்கில்லாம. காட்டை வெட்டி கோப்பி போட்டதும், பிறகு தேயிலை போட்டதும், றோட்டும் ரயில் பாதையும் வெட்டினதும் அவங்கதான். அப்பிடி உழைச்சவங்களின்ட குடியுரிமையை 1948 இல ஒரு சட்டம் பறிச்சது. 1964 இல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எண்டு பங்கு பிரிச்சாங்க, அந்த ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேக்காம. நாடில்லாம மிஞ்சி நிண்டவங்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்திலதான் ஒரு வழி பிறந்தது. 2023 இல அவங்க இங்க வந்த 200 வருச நினைவா தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு சனம் திரும்பவும் நடந்தாங்க, அந்தப் படங்களை மகனுக்குக் காட்டுங்க. அவன் திருகோணமலைப் பிள்ளை, மலையகத்துப் பேரன், ரெண்டும் அவனுக்குச் சொந்தம். ஸ்கூல்ல அப்பிடிக் கதைச்சதை வகுப்பு டீச்சரிட்டயும் போய்ச் சொல்லுங்க, சின்ன விசயம் எண்டு விடாதீங்க. எங்கட ஊர்ல இந்தக் கதை கதைக்கிற பெரியாக்களும் இருக்கிறாங்க, பிள்ளையள் அத வீட்டில கேட்டுத்தான் பழகுது.

கேள்வி: அங்க போனா என்ன தேயிலை வாங்கிறது? பி.ஓ.பி. எண்டும் பி.ஓ.பி.எப். எண்டும் இருக்கு, ஒண்டும் விளங்கேல்ல.
- உப்புவெளி வாசகி

பதில்: ரெண்டும் தேயிலைத் தூளின்ட ரகப் பேர்தான். பால் தேத்தண்ணி குடிக்கிற வீடெண்டா பி.ஓ.பி.எப். வாங்குங்க, தூள் சின்னன், சாயம் கெதியா இறங்கும். பிளேன்டீக்கு பி.ஓ.பி. நல்லம். பக்கெட்டில சிங்கம் அடையாளம் இருக்கா பாருங்க, இருந்தா முழுக்க இலங்கைத் தேயிலை, பக்கெட் பண்ணினதும் இங்கதான். வீட்டுக்கு வந்து காத்துப் புகாத டின்ல போட்டு, மிளகாய்த்தூள், சீரகம் வைக்கிற தட்டுக்குத் தூரத்தில வைங்க, தேயிலை பக்கத்து மணத்தை இழுத்துப் போடும்.