எந்தப் பணத்தில் கடன்?

அன்புள்ள அண்ணாச்சி,

நாட்டுக் கடன் ஏறிக்கொண்டே போகிறது. இலங்கை மாதிரி நம் ரூபாயும் ஒருநாள் வெத்துக் காகிதமாகிவிடும் என்கிறார்கள். மகள் கல்யாணத்துக்காக வங்கியில் போட்டிருக்கும் 8 லட்சத்தை எடுத்து நகை வாங்கிவிடவா? கிரிப்டோ தேவலையா?

ஒரு வாசகர், வீரவநல்லூர்

அன்புள்ள தம்பி,

கிரிப்டோவை விடும். கல்யாணப் பணத்தில் அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்.

பெண்ணைப் பெற்றவர் பயம் புரிகிறது. ஆனால் யாரோ அனுப்பிய வாட்சப்பை நம்பி வைப்புநிதியை உடைக்கக் கிளம்புகிறீரே, எந்தப் பணத்தில் கடன் என்று ஒரு வார்த்தை கேட்டீரா? இலங்கை டாலர் பத்திரம் விற்றுக் கடன் வாங்கியிருந்தது. டாலரைக் கொழும்பில் அச்சடிக்க முடியாது. கையிருப்பு வற்றியதும் 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தினார்கள். மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 சொச்சம் இருந்த அவர்கள் ரூபாய், மே மாதம் 360 வரை போனது. 1991இல் நாம் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்ததும் டாலர் பஞ்சத்தால்தான்.

இன்று மத்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில் இருக்கிறது. கொடுத்தவர்கள் வங்கிகள், எல்ஐசி, பிஎஃப். வங்கி தன் டெபாசிட்டில் 18 சதவீதத்தை, பெரும்பாலும் அரசுப் பத்திரமாக, ஒதுக்கியே ஆகவேண்டும். உம்முடைய 8 லட்சத்துக்கு அது 1,44,000. அரசுக்குக் கடன் கொடுத்தவரே நீர்தான் வே!

ரூபாயை நாமே அச்சடிக்கலாம். அதனால் அந்த ரூபாய் திரும்பி வந்துவிடும், ஆனால் இளைத்துப்போய் வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதி. 7 சதவீத வட்டியில் 20 சதவீதம் வரிக்குப் போனால் நிற்பது 5.6. பாஸ்புக்கில் ஏறும், நயினார்குளம் காய்கறி மார்க்கெட்டில் இறங்கும். எந்தச் செய்தியிலும் வராத நஷ்டம் இது. பயப்படுவதென்றால் இதற்குப் பயப்படும்.

நகையா? 12 சதவீதம் சேதாரம் என்றால் 8 கிராம் சங்கிலிக்கு 8.96 கிராம் விலை. மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 9.23 கிராமுக்கான காசு. மறுநாளே விற்கப் போனாலும் 8 கிராமுக்கு மேல் ஒருத்தனும் தரமாட்டான். கல்யாணம் எப்போது என்று எழுதவேயில்லையே? வருகிற தை என்றால் போடவேண்டிய நகையை இப்போதே எடும். ஏழெட்டு வருஷம் இருக்கிறதென்றால் கொஞ்சத்தைச் சேதாரம் குறைந்த தங்கக் காசாக வாங்கிப் போடும். பில்லில் சேதாரத்தைத் தனியாக எழுதச் சொல்லும். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டையும் பார்த்து வாங்கும்.