மீட்டருக்கு 300 கிராம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்கப் பேட்டர்ன் ஒன்றைப் பார்த்துத் தோள்பை தைத்தேன். துணி 9 அவுன்ஸ் கேன்வாஸ் என்று போட்டிருந்தது. மாற்றிப் பார்த்தால் 305 ஜிஎஸ்எம். கடைக்காரர் “மீட்டர் 300 கிராம் வரும்” என்று கொடுத்தார். தைத்து முடித்தால் பை துவண்டு தொங்குகிறது. ஏமாற்றிவிட்டாரா? எடை கூடினால் தரமும் கூடும்தானே, இனி எதற்கும் கனமான துணியே வாங்கிவிடவா? எந்த மெஷின் நல்லது?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அவர் ஏமாற்றவில்லை. அவர் சொன்னது ஒரு மீட்டர் நீளத்தின் எடை, முழுப் பன்னாவோடு, அதாவது துணியின் முழு அகலத்தோடு சேர்த்து. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. பன்னா ஒன்றரை மீட்டர் என்றால் 300ஐ 1.5ஆல் வகுக்க வேண்டும். 200 ஜிஎஸ்எம், அதாவது கிட்டத்தட்ட 6 அவுன்ஸ். பேட்டர்னில் வரும் அவுன்ஸ் பெரும்பாலும் சதுர கஜத்துக்கு. 34ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைத்துவிடும். மெஷின் எதுவானாலும் சரி, அதை விடுங்கள்.

ஆனால் எடை கூடினால் தரமும் கூடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். தைக்கத் தெரிந்தவர் எழுதுகிற வரியா இது?

என் அம்மா திண்ணையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவர். டூ பை டூ ரூபியா தவிர வேறு துணியை மதிக்க மாட்டார். கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் பாவிலும் ஊடையிலும், அதாவது நெடுக்கிலும் குறுக்கிலும், இரட்டை இழை முறுக்கிய மெல்லிய நூல். வருஷக்கணக்கில் உழைக்கும். நூலில் கவுண்ட், அதாவது நூல் நம்பர், ஏற ஏற இழை மெலியும், விலை ஏறும். 20ஆம் நம்பர் நூலில் நெய்த முரட்டுத் துணி, 100ஆம் நம்பர் துணியைவிடக் கனம்தான். அதனால் அது உசத்தி ஆகிவிடுமா?

அந்த அம்மாவே ஒரு தீபாவளிக்கு ஏமாந்தார். “வெயிட்டைப் பாருங்கம்மா” என்று கடையில் ஒரு காட்டன் புடவையைக் கையில் வைத்தார்கள். முதல் முறை நனைத்தபோது வாளித் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி வெளுத்தது. பிழிந்து விரித்தால் சல்லடை. கனம் முழுக்கக் கஞ்சி. மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தவள் நான், அப்போது பத்து வயது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் வெளியே கட்டிப் போய் நான் பார்த்ததே இல்லை. கடைசியில் தம்பிக்குத் தூளி ஆனது.

அதனால்தான் சொல்கிறேன், துணியை வாங்கியதும் நனைத்துக் காயவையுங்கள். அப்புறம் எடை போடுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கும். அப்போது வருவதுதான் அந்தத் துணியின் ஜிஎஸ்எம். வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிச்சத் துணியில் உள்ளே இன்னொரு அடுக்கு கொடுங்கள். 200உம் 200உம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 12 அவுன்ஸ், நிமிர்ந்து நிற்கும். 16ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.