சில்லுமூக்கு உடைந்தால் ரத்தப் புற்றுநோயா?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு இந்த மே மாதத்தில் நான்கு முறை சில்லுமூக்கு உடைந்துவிட்டது. அண்ணாந்து படுக்கவைத்து உச்சியில் தண்ணீர் ஊற்றுகிறோம். மெடிக்கலில் ரத்தம் நிற்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இது ரத்தப் புற்றுநோயின் அறிகுறி என்கிறது ஒரு வீடியோ. உடம்புச் சூடா? மாம்பழத்தை நிறுத்தவா? (வாசகி, திருச்சி)

பதில்: அவன் சட்டையைக் கழற்றிப் பாருங்கள் அம்மா. முழங்காலுக்குக் கீழே உள்ள காயங்களை விடுங்கள், அவை விளையாடி வந்தவை. அடிபடாத முதுகிலோ வயிற்றிலோ ரத்தம் கட்டிய நீலத் திட்டு இருக்கிறதா? கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள்? ஈறில் தானாக ரத்தம், முகத்தில் வெளிறல், விடாத காய்ச்சல்? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் புற்றுநோயில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும்; அப்படிக் குறைந்தால் ரத்தக்கசிவு மூக்கில் மட்டும் இருப்பது அரிது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் நம் ஊரில் முதலில் நினைக்கவேண்டியது டெங்கு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தரவே கூடாது. இவை எதுவும் இல்லாமல் பையன் ஓடியாடிச் சாப்பிடுகிறான் என்றால் அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

மூக்கின் நடுத்தண்டில், விரல்நுனி எட்டும் இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வறண்ட காற்றில் அங்கே பொருக்கு கட்டும். பிள்ளை நோண்டுவான், குழாய் கிழியும். மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சாப்பிடட்டும்.

அண்ணாந்து படுக்கவைப்பதை இன்றோடு விடுங்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், எவ்வளவு போனது என்பதும் தெரியாது. உட்காரவைத்துத் தலையை முன்னால் குனியச் செய்யுங்கள். மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை இரு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மூச்சு, வாயில் வரும் ரத்தத்தைத் துப்பட்டும். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம். பலர் தோற்பது இங்கேதான்: நின்றதா என்று 2 நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுப் பார்ப்பார்கள், அப்போதுதான் உறைந்தது பிய்ந்துவிடும். நிற்காவிட்டால் இன்னொரு 10 நிமிடம். அதற்கும் நிற்காவிட்டாலோ, பிடித்திருக்கும்போதே தொண்டையில் வழிந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பஞ்சு திணிக்காதீர்கள், உருவும்போது புண்ணும் கூடவே வரும். நின்றபின் ஒரு நாள் மூக்குச் சிந்தாமல், நோண்டாமல், சூடாகக் குடிக்காமல் இருக்கட்டும்.

எந்த மாத்திரை என்றுகூட நீங்கள் எழுதவில்லை. கடைக்காரர் கொடுத்தார் என்று 7 வயதுப் பிள்ளைக்கு ரத்தம் சம்பந்தப்பட்ட மருந்தைத் தரலாமா? நிறுத்துங்கள். அவனுக்குத் தேவை வாசலின். பட்டாணியில் பாதி அளவு, விரல்நுனியால் துவாரத்தின் வாயில் தடவி, வெளியிலிருந்து மெதுவாக அமுக்கிவிடுங்கள். காலையும் இரவும், இரண்டு வாரம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஏசி அறையில் படுப்பவன் என்றால் உப்புநீர்ச் சொட்டும் உதவும்.

எப்போதும் ஒரே துவாரத்தில்தான் வருகிறது, நாற்றமடிக்கும் சளியும் இருக்கிறது என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம். நீங்களே எடுக்க முயலாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பொம்மையின் பட்டன் பேட்டரி காணாமல் போயிருந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். சில மணி நேரத்திலேயே அது மூக்குத்தண்டை அரித்துவிடும்.