கஞ்சி மட்டும் போதுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58; காசிமேட்டு மீன் ஏலத்தில் வேலை பார்த்தவர். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக மூன்று மாதங்களுக்கு முன் அறுவைச் சிகிச்சை நடந்தது. 62 கிலோ இருந்தவர் இப்போது 53 கிலோதான். பசியே இல்லை என்கிறார். அரை இட்லியோடு கை கழுவிவிடுகிறார். கஞ்சியும் குளுக்கோஸ் தண்ணீரும்தான் கொடுக்கிறோம். குளுக்கோஸ் குடித்த சிறிது நேரத்தில் வியர்த்து, படபடப்பு வந்து படுத்துவிடுகிறார். உணவு செலுத்த வயிற்றில் வைத்த குழாயை எடுத்துவிடச் சொல்லலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இந்த அறுவைச் சிகிச்சையில் பெரும்பாலும் உணவுக்குழாயின் நோயுற்ற பகுதியை நீக்கிவிட்டு, இரைப்பையைக் குறுகலான குழாயாக்கி மேலே இழுத்து இணைப்பார்கள், அப்போது இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்புகளும் துண்டிக்கப்படுவதால், பசி மங்குவதும் இரண்டு வாயில் வயிறு நிறைந்ததுபோல் தோன்றுவதும் இயல்பே. ஆகவே, அவருக்குப் பசிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை, சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தக் கஞ்சிதான். நோயாளி என்றாலே கஞ்சி என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஆனால் அவருக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ 65 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும்போது, ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் 2 கிராம்கூடத் தேறாது. இருக்கும் சிறிது இடத்தையும் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். காசிமேட்டு மீனை அறிந்தவருக்கு அதையே கொடுக்கலாமே! சங்கரா மீனை ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து நீக்கி, குழைந்த சோற்றில் காரமின்றிப் பிசைந்து ஒரு சிறு கிண்ணம் கொடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு; கெட்டித் தயிர், குழைய வெந்த பருப்பு ஆகியவையும் கைகொடுக்கும்.

வியர்வையும் படபடப்பும் ‘டம்பிங்’ எனப்படும் நிலையாக இருக்கலாம். சர்க்கரை மிகுந்த நீர் சட்டென்று சிறுகுடலில் இறங்குவதால் அது வருகிறது. எனவே குளுக்கோஸ் தண்ணீரை வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேர இடைவெளி விட்டுக் குடிக்கட்டும். எனினும் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் தலைசுற்றலும் வந்தால், அது ரத்தச் சர்க்கரை தாழ்வதால் இருக்கலாம் என்பதால் உடனே சோதித்துப் பாருங்கள். சாப்பிட்டதும் படுக்க விடாமல், இரவில் தலைப்பக்கத்தை உயர்த்தியே வையுங்கள். உள்ளிருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரக்கூடும்.

குழாயை எடுக்க அவசரப்படாதீர்கள். ஏழில் ஒரு பங்கு எடையை இழந்தவருக்கு, வாய்வழி உணவு போதுமான அளவுக்கு வரும்வரை அந்தக் குழாயே பாதுகாப்பு. அதை எப்போது எடுப்பது என்பதை, வாரந்தோறும் குறித்த எடையைக் காட்டி, அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். பி12, இரும்புச்சத்து அளவுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். நன்கு மென்ற உணவும் தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குவதாகச் சொன்னால், இணைப்பு சுருங்கியிருக்கக்கூடும். எண்டோஸ்கோப்பி வழியாக அதை விரித்துவிட முடியும் என்பதால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.