ஆய்வில் பார்வையை நிலைநிறுத்தப் பழக்குவது: கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, நான் ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனை) மாணவன். புள்ளியையே பார்க்கச் சொன்னாலும் பார்வை ஆய்வுக்கு வருகிறவர்கள் கண் அலைகிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: கண் அலைவது அவர்களுக்கே தெரியாது தம்பி. "அசையாதீங்க" என்று பத்துத் தடவை சொன்னாலும் பலன் இல்லை. அசைவை அவர்களே பார்க்கும்படி செய்ய வேண்டும். கறுப்பு சார்ட் பேப்பரிலிருந்து சின்னச் சதுரம் வெட்டியெடுத்து, அதன் நடுவில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். அரை நிமிடம் அதையே பார்க்கட்டும். அப்புறம் வெள்ளைச் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று மிதக்கும். கண் நழுவினால் அதுவும் பொட்டை விட்டு நழுவும். பொட்டு சதுரத்தின் நடுவிலேயே இருக்கும்படி பார்ப்பதுதான் பயிற்சி. என்னிடம் வந்த பீடி சுற்றும் அக்கா ஒருவர் முதல் தடவை "ஐயோ, ஓடுதே!" என்றார். நாலாவது தடவை சதுரம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

கேள்வி (தென்காசி): சிமிட்டாமல் எவ்வளவு நேரம் இருக்கச் சொல்லலாம்?

பதில்: சொல்லவே கூடாது. கண் காய்ந்து நீர் வடியும், பதிவும் கெடும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் சிமிட்ட நேரம் கொடுங்கள். ஃபேனை முகத்திலிருந்து திருப்புங்கள். உங்கள் ஊர் ஆடிக் காற்றுக்கு சன்னலையும் சாத்துங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): திராடகம் (இமைக்காமல் தீபத்தையே பார்க்கும் யோகப் பயிற்சி) பழகியவர் கண் துளியும் அசையாது. நான் தீபத்தைப் பத்து நிமிடம் பார்ப்பேன்.

பதில்: அசையும் ஐயா. நொடிக்கு ஒன்றிரண்டு குட்டித் தாவல்கள் யாருக்கும் உண்டு, மைக்ரோசக்கேடு என்பார்கள். 1950களில் கான்டாக்ட் லென்ஸில் சிறு கண்ணாடி பொருத்தி, விழித்திரையில் பிம்பம் நகராதபடி செய்து பார்த்தார்கள். சில நொடியில் காட்சியே மங்கி மறைந்தது.

கேள்வி (மறுபடியும் அவரே): தீபத்தைச் சுற்றி உள்ளதெல்லாம் எனக்கு மறைகிறதே! அப்போது கண் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் எழுதியது இதைத்தான். ஓரப் பார்வையில் ஒவ்வொரு நரம்பணுவும் பெரிய பரப்பைப் பார்க்கிறது. குட்டி அசைவு அங்கே உறைக்காது, அதனால் ஓரம் மறைகிறது. கண் முழுக்க நின்றிருந்தால் ஓரம் மட்டுமல்ல, நடுப் பார்வையில் படும் விளக்கும் மறைந்திருக்கும். உங்கள் பார்வை பலரைவிட நிலையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (வள்ளியூர்): சிமிட்டாமல் இருக்க ஏதாவது பயிற்சி?

பதில்: தென்காசிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். சிமிட்டட்டும்.

கேள்வி (சங்கரன்கோவில்): என் பையனுக்குக் கண் தானாக ஆடுகிறது. இந்தச் சதுரப் பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. இது ஆய்வுக்கான பழக்கம், வைத்தியம் இல்லை. இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.